குட்டி கண் திறக்கவில்லையா? கையை வைக்க வேண்டாம்

"குட்டி போட்டுப் பத்து நாளாச்சுங்க, இன்னும் கண்ணு முழிக்கல. தண்ணி தொட்டுப் பிரிச்சு விட்டுடலாமுங்களா?"

சேலம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் கேட்பவரின் அவசரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அவர் வீட்டுப் பட்டியில் மேச்சேரி ஆட்டுக்குட்டி விழுந்த அரை மணி நேரத்தில் எழுந்து, கண்ணை உருட்டிப் பார்த்து மடியைத் தேடுகிறது. கன்றுக்குட்டியும் அப்படித்தான். நாய்க்குட்டி மட்டும் இரண்டு வாரம் இமை ஒட்டிக் கிடந்தால் ஏதோ குறை என்றுதான் தோன்றும்.

உண்மையில் ஆட்டுக்குட்டியின் இமையும் ஒட்டித்தான் இருந்தது. நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கண் உள்ளிருந்து வருகிறது, இமை வெளியிலிருந்து வருகிறது. கருவின் முன்மூளை இரு பக்கமும் குமிழ் போலப் பிதுங்கி, மேல்தோலைத் தொடும். தொட்ட இடத்தில் அந்தத் தோல் தடித்து, உள்வாங்கி லென்ஸ் ஆகிறது. அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு மேலும் கீழும் தோல் மடிப்புகள் எழும்புகின்றன. மேல் மடிப்பு நெற்றிப் பக்கத்திலிருந்தும், கீழ் மடிப்பு கன்னப் பக்கத்திலிருந்தும் வளரும். இரண்டும் திரைச்சீலை போல நகர்ந்து நடுவில் சந்தித்து, ஓரத்துத் தோல் செல்களால் ஒட்டிக்கொள்ளும். மனிதக் கருவில் மடிப்பு ஏழாவது வாரத்தையொட்டித் தெரியும், பத்தாவது வாரத்துக்குள் ஒட்டிவிடும், ஆறு ஏழாம் மாதத்தில் பிரியும். 23 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தைகள் சிலருக்கு இமை ஒட்டியே இருப்பது இதனால்தான். நாய்க்குச் சினைக்காலம் 63 நாள். அதில் 40-ஆம் நாளையொட்டி இமை மூடிவிடுகிறது. பிரிவது பிறந்து 10 முதல் 14 நாளில். பூனைக்கு 7 முதல் 10 நாள், சில குட்டிக்கு இரண்டு வாரம் வரை போகும். வளர்ப்பு முயல் 31 நாளில் குட்டி போடும், கண் திறக்க இன்னொரு 10 முதல் 12 நாள். ஆட்டுக்கு 150 நாள், மாட்டுக்கு 280 நாள் என்பதால் மூடுவது, பிரிவது இரண்டும் கருப்பைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

சினைக்காலம் நீண்டால் கண் திறந்து பிறக்கும் என்று இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். கினிப் பன்றிக்கும் ஏறக்குறைய நாய் அளவுக்குத்தான் சினை நாள், ஆனால் அது கண்ணைத் திறந்துகொண்டு ஓடத் தயாராகப் பிறக்கிறது. வளைக்குள் ஒளிந்து வளரும் குட்டியா, பிறந்ததும் தாயோடு ஓட வேண்டிய குட்டியா என்பதுதான் அதிகம் பொருந்துகிற கணக்கு.

ஒட்டிய இமைக்குள் வேலை நிற்பதில்லை. இமை ஓரத்துத் தோல் உள்நோக்கி முளைவிட்டு, முன்வரிசையில் இமைமுடியாகவும் பின்வரிசையில் எண்ணெய்ச் சுரப்பிகளாகவும் மாறுகிறது. அந்த எண்ணெய் சுரக்கத் தொடங்குவதும், ஒட்டிய செல்கள் காய்ந்து உதிர்வதும் சேர்ந்தே இமையைப் பிரிக்கின்றன. பிரிவதற்குள் கண்ணீர்ச் சுரப்பி ஓரளவாவது தயாராக வேண்டும். கண்ணை மூடும் தசை முகத் தசைக் கூட்டத்தைச் சேர்ந்தது, மேல் இமையைத் தூக்கும் தசை விழியை அசைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நரம்பு வேறு வேறு. இவை ஒத்துழைத்துச் சிமிட்டப் பழகாத வயதில் கண்ணை நாமே திறந்துவிட்டால் கார்னியாவை, அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலத்தை, நனைக்க ஆளில்லை. சுண்டெலிக் கரு இதை நன்றாகக் காட்டுகிறது. அதன் இமை 15, 16-ஆம் நாளில் ஒட்ட வேண்டும். மரபணுக் கோளாறால் ஒட்டாமல் போனவை கண் திறந்தே பிறக்கும், சில நாளில் கார்னியா புண்ணாகித் தழும்பாகும். ஊரில் 'கண்ணில் பூ விழுந்துடுச்சு' என்பது இந்தத் தழும்பைத்தான்.

நாய்க்குட்டிக்கு இனி நடைமுறை. கண் மூக்கோரத்தில் முதலில் சிறு கீறலாகத் திறக்கும், ஒன்றிரண்டு நாளில் வெளிப்பக்கம் வரை போகும். ஒரு கண் முந்தும், இன்னொன்று பிந்தும். உள்ளே நீலம் பூத்த கலங்கல் தெரிந்தால் பயம் வேண்டாம், சில நாளில் தெளியும். அந்த நாட்களில் சித்திரை வெயில் நேராக விழும் திண்ணையில் பெட்டியை வைக்காதீர்கள். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டிய வீடுகளில் தூசி படியாத உள்ளறைதான் சரி. ஏற்காட்டு மார்கழிக் குளிர் வேறு விதமான தொல்லை. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கி உடல் சூட்டைக் காக்கத் தெரியாது, பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குட்டிக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். அப்படி எண்ணியும் 16 நாள் தாண்டினால் மருத்துவரிடம் காட்டலாம்.

காத்திருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. மூடிய இமை பட்டாணி போல உப்பியிருந்தால், அல்லது மூக்கோரத்து முனையில் மஞ்சள் சீழ் பொட்டாகத் தெரிந்தால், அன்றே போக வேண்டும். தாயின் பிறப்புவழியிலோ அழுக்குப் படுக்கையிலோ ஒட்டிய கிருமி ஒட்டிய இமைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது. நாய்க்குட்டியில் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், பூனைக்குட்டியில் ஹெர்பிஸ் வைரஸ். சீழ் வெளியேற வழியில்லாததால் ஓரிரு நாளில் கார்னியா கரைந்து ஓட்டையாகலாம். இப்போது மட்டும் இமையை முன்கூட்டியே திறக்கிறோம், அதுவும் மருத்துவர் கையால். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஊறவிட்டு, மூக்கோரத்திலிருந்து மெல்லப் பிரித்து, சலைன் விட்டுக் கழுவி, ஆன்டிபயாடிக் களிம்பு போடுவார். முன்னதாகத் திறந்துவிட்டதால் அந்தக் கண் காயாமல் இருக்க மசகுக் களிம்பைச் சில மணிக்கு ஒருமுறை போட்டுவர வேண்டும். ஒரு குட்டிக்கு வந்தால் மற்ற குட்டிகளையும் தினம் இரு வேளை பாருங்கள்.

சொட்டு மருந்தை வீட்டு அலமாரியிலிருந்து எடுக்கும் முன் பாட்டிலின் சிறு எழுத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கார்னியாவில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆழமாகும். புண் இருக்கிறதா என்பது பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மென்று துப்பும் புகையிலைச் சாறு எதுவுமே வேண்டாம். கடைசியாகச் சொன்னது மாட்டுக் கண்ணை அழித்தே விடும்.

ஆட்டுக்குட்டிக்கு வேறு பிரச்சினை. சில செம்மறிக் குட்டிக்குப் பிறக்கும்போதே கீழ் இமை உள்ளே சுருண்டிருக்கும். முடி கார்னியாவை உரச, கண்ணீர் வழிந்து கன்னம் நனையும், குட்டி கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். கண் நோய் என்று வாரக்கணக்கில் மருந்து விடுவார்கள், பூ விழுந்த பிறகுதான் காரணம் தெரியவரும். குட்டி விழுந்த அன்று சீம்பால் குடித்த கையோடு இரண்டு கீழ் இமையையும் பார்த்துவிடுங்கள். சுருண்டிருந்தால் இமைக்குக் கீழே கட்டைவிரலை வைத்துத் தோலைக் கீழ்நோக்கி இழுத்து வெளியே புரட்டுங்கள். அன்று நாலைந்து தடவை செய்தால் பல குட்டிக்கு நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவர் இமைத் தோலுக்கடியில் 1 மில்லி அளவு பென்சிலின் ஊசி போட்டு உப்ப வைப்பார், அல்லது தற்காலிகத் தையல் போடுவார். பிறந்த குட்டியின் முகம் வளர வேண்டியிருப்பதால் தோலை வெட்டி எடுக்கும் அறுவைக்கு அவசரப்படுவதில்லை. இது பரம்பரையாகவும் வருவது. ஒரே கிடாவின் குட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கிடாவை மாற்றுங்கள், அதன் பெட்டைக் குட்டிகளையும் பெருக்கத்துக்கு நிறுத்த வேண்டாம்.

மற்றக் குறைகளுக்கும் உருவான கதையில் இடம் இருக்கிறது. கன்றின் கார்னியா மேல் முடியோடு ஒரு தோல் திட்டு இருந்தால், தோலாக வேண்டிய திசு இடம் மாறி அமர்ந்திருக்கிறது; அறுவையில் எடுத்துவிடலாம். பூனையில் மேல் இமையின் வெளிப்பாதி இல்லாமலே பிறப்பது, மடிப்பு வளராமல் நின்றதன் விளைவு. எண்ணெய்ச் சுரப்பி முளையிலிருந்து முடி வந்துவிட்டால் இமைக்கு இரண்டாம் வரிசை முடி. நாய்க்கு மூக்கோரத்தில் மூன்றாவது இமை ஒன்றும் உண்டு. நமக்கு அது சிவந்த சிறு மடிப்பாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாயில் அதன் அடியிலுள்ள சுரப்பி வெளியே பிதுங்கினால் செர்ரிப் பழம் போலத் தெரியும். "சதை வளர்ந்திருக்கு" என்று அதை அறுத்துப்போடச் சம்மதிக்காதீர்கள். கண்ணீரில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. உள்ளே தைத்துவிடுவதே முறை, அறுத்த நாய்க்குச் சில வருடத்தில் கண் வறண்டு போகலாம்.

இத்தனையும் பிறந்த பிறகு செய்வது. சினையிலேயே தடுக்கக் கூடிய ஒன்று வைட்டமின் ஏ குறை. டெக்சாஸில் வைட்டமின் ஏ இல்லாத தீனியில் வைத்த ஒரு பன்றி ஈன்ற 11 குட்டிக்கும் விழியே இல்லை என்று ஆய்வாளர் ஃப்ரெட் ஹேல் 1933-இல் எழுதினார். நம் பக்கம் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் கோடையில் ஜவ்வரிசி ஆலைத் திப்பியும் (மரவள்ளிச் சக்கை) காய்ந்த சோளத்தட்டுமே தீனி என்றாகிவிடும் தொழுவங்கள் உண்டு. இரண்டிலும் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் இல்லாததுபோலத்தான். மாட்டின் ஈரலில் உள்ள சேமிப்பு ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், அதனால் பாதிப்பு தாமதமாகவே வெளிப்படும். பொழுது சாய்ந்ததும் சினைமாடு தட்டுத்தடுமாறினால் அதுவே எச்சரிக்கை. அதற்குப் பிறக்கும் கன்றின் இமை, விழி எல்லாம் சரியாக இருந்தும் பார்வை இல்லாமல் போகலாம், ஏனென்றால் எலும்புத் துளை குறுகிப் பார்வை நரம்பை நசுக்கியிருக்கும். அது மருந்தால் மீளாது. சினைமாட்டுக்குத் தினம் 5 கிலோ பசுந்தீவனம், சினை ஆட்டுக்கு இரண்டு கைப்பிடி அகத்தியோ வேலிமசாலோ முருங்கைத் தழையோ போட்டால் இந்தக் குறை வராது.

மருந்துக்கும் கணக்கு உண்டு. சினைப் பூனைக்குப் படர்தாமரைக்காக கிரிசியோஃபல்வின் மாத்திரை கொடுத்தால் கண்ணும் மூளையும் குறையோடு குட்டிகள் பிறக்கலாம். குடற்புழுவுக்கு ஆல்பெண்டசோலைச் செம்மறிக்குச் சினையின் முதல் 30 நாளிலும் மாட்டுக்கு முதல் 45 நாளிலும் தரக் கூடாது. கிடா சேர்த்த தேதியைப் பட்டிக் காலண்டரில் குறித்து வைத்திருந்தால், மருந்து கொடுக்க வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.