கிரேனும் மவுஸும்: ஒரு பறவை, ஓர் எலி

கட்டடம் எழும்பும் இடத்தில் நிற்கிற கிரேனும் மேசைமேல் கிடக்கிற மவுஸும் ஒரே வகையில் பெயர் பெற்றவை. ஒன்று நீரோரம் நெடுங்காலில் நடக்கும் பறவை, மற்றது சுண்டெலி.

கிரேனின் கதை பழையது. கிரேக்கர்கள் பறவையையும் பாரம் தூக்கும் பொறியையும் 'கெரனோஸ்' என்றே அழைத்தார்கள். பிரெஞ்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல், 'க்ரூ'. நீண்ட கழுத்தை நீட்டிக் குனிந்து கொத்தியெடுக்கும் தோற்றம்தான் காரணம். ஜெரேனியம் பூச்செடியின் பெயரும் இதே சொற்குடும்பம். அதன் காய் அலகு போல நீண்டிருக்கும். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இந்தப் பறவை இல்லை. குளிர்காலத்தில் ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்துக்குக் கூட்டமாக வருகிறதே, அதுதான் கிரேன் இனம்.

மவுஸ் நேற்றுப் பிறந்தது. 1964இல் கணினிப் பொறியாளர்கள் டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் கலிபோர்னியாவில் செய்த முதல் மாதிரி ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே பொத்தான், வால் மாதிரி ஒரு கம்பி. அந்த வாலால் வந்த பெயர். சொல்லாக 'மவுஸ்' நமக்கு அந்நியமும் இல்லை: லத்தீன் 'மூஸ்', பிள்ளையாரின் மூஷிகம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. (நடிகருக்குக் கூடும் மவுசு வேறு. அதில் எலி கிடையாது.)

சரி, தமிழில்? கிரேனுக்குப் பாரந்தூக்கி, மவுஸுக்குச் சுட்டி. ஆங்கிலம் உருவத்தைப் பார்த்தது, தமிழ் வேலையைப் பார்த்தது. எனக்கு இது பிடித்திருக்கிறது. இப்போது கம்பியில்லா மவுஸ் வந்துவிட்டது. வாலறுந்த எலியை இன்னும் எலி என்கிறார்கள். உச்சியில் குறுக்குக்கை நீட்டி நிற்கும் கோபுரக் கிரேனில் பறவைக் கழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். சுட்டுவதும் தூக்குவதும் மாறவில்லை.

சுட்டியில் ஒரு சிக்கல் உண்டு. நெற்றியில் தொங்குவது சுட்டி, குறும்புக்காரப் பிள்ளை சுட்டி, இணைய இணைப்பையும் பலர் சுட்டி என்கிறார்கள். "சுட்டியால் சுட்டியைச் சொடுக்கு" என்றால் எதால் எதை? அதற்காகத்தானோ என்னவோ, சிலர் 'சுட்டெலி' என்றும் எழுதிப் பார்த்தார்கள். சுண்டெலியும் வந்தது, சுட்டுகிற வேலையும் வந்தது. ஆனாலும் கடையில் போய்ச் சுட்டெலி கேட்டால், எலிப்பொறி இருக்கும் பக்கம் கைகாட்டிவிடுவார்கள்.