2,500 லீற்றருக்கு வரி இல்லை, சரி. தாங்கி எங்கே நிற்கிறது?

லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் மீன் சிப்ஸ் கடை நடத்தும் அண்ணை ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். கடையில் பொரித்து முடிந்த எண்ணெயை வீணாக்க மனமில்லாமல், துணியில் வடித்து, கடைக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்ரிக் தாங்கியில் சேர்த்து, தன்னுடைய பழைய டீசல் வானுக்கு ஊற்றி ஓடினார். களவாக எதுவும் செய்யவில்லை. தொடங்கும் முன்பே ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்து விசாரித்தார். "வருடத்துக்கு 2,500 லீற்றருக்குள் என்றால் பதிவு தேவையில்லை" என்று பதில் வந்தது. பதில் சரியானதுதான். அதோடு எல்லாம் முடிந்தது என்று அண்ணை நினைத்துவிட்டார்.

ஒரு கோடைக்கால இரவில் தாங்கியின் அடி வால்வு கசிந்தது. விடியப் பார்த்தால் எண்ணெய் முற்றத்துச் சீமெந்தில் ஒரு கை அகலத்துக்கு ஓடி, மழைநீர்க் கானுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் முறைப்பாடு போட்டார்கள். வந்த அதிகாரி கேட்ட தாள்களில் ஒன்றின் பெயரைக்கூட அண்ணை அதுவரை கேள்விப்பட்டதில்லை. "நான் கேட்டுப்போட்டுத்தானே தம்பி செய்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் கேட்டது வரியைப் பற்றி. வரி அலுவலகம் வரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கழிவுக்கு ஓர் இடம், தாங்கிக்கு ஒரு சட்டம், காப்புறுதிக்கு இன்னொரு இடம். இந்த இடங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. நாங்கள்தான் படியேறி ஏறிக் கேட்க வேண்டும்.

சலுகை இதுதான். 2007 நடுப்பகுதியிலிருந்து பிரித்தானியாவில், 12 மாதத்தில் 2,500 லீற்றருக்குக் குறைவாகத் தாவர எண்ணெய் எரிபொருளைத் தயாரிப்பவரோ பயன்படுத்துபவரோ எரிபொருள் வரி கட்ட வேண்டியதில்லை. வரி அலுவலகத்தில் பதிவும் வேண்டாம், கணக்குப் படிவமும் வேண்டாம். 2022 மார்ச்சில் டீசல் வரியை லீற்றருக்கு 57.95 பென்சிலிருந்து 52.95 பென்சாகக் குறைத்தார்கள். அந்த விலையில் கணக்குப் பார்த்தால் முழுச் சலுகையின் பெறுமதி 1,300 பவுணுக்குச் சற்று மேலே. சின்னக் கடைக்காரருக்கு இது சின்னக் காசு இல்லை. ஆகவே பயந்து விட்டுவிடச் சொல்லவில்லை. எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்கிறேன்.

எண்ணிக்கையில் வரும் சிக்கல்

பதிவு வேண்டாம் என்றால் பதிவேடும் வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பிழை. நீங்கள் 2,500க்குள் நிற்கிறீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும்: திகதி, எண்ணெய் எங்கேயிருந்து வந்தது, எத்தனை லீற்றர், வானுக்குள் எத்தனை போனது. அதை அன்றன்றே எழுதுங்கள். கேள்வி வந்த பிறகு ஒரே பேனையால் ஒரே நாளில் எழுதிய கொப்பியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

12 மாதம் என்பதை ஜனவரி முதல் டிசம்பர் என்று நினைத்து, புதுவருடத்தோடு கணக்குப் பூச்சியமாகிவிடும் என்று இருக்காதீர்கள். எந்த நாளில் நின்று திரும்பிப் பார்த்தாலும் பின்னால் உள்ள 12 மாதமும் எல்லைக்குள் இருக்க வேண்டும், முன்னால் வரும் 12 மாதமும் அப்படியே இருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும்.

அடுத்ததுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. சமையல் எண்ணெய் சமையல் எண்ணெயாக இருக்கும்வரை எரிபொருள் வரிக்கு அதோடு வேலையில்லை. "இது என் வண்டிக்கு" என்று ஒதுக்கி வைக்கிற அந்தக் கட்டத்தில் அது எரிபொருளாகிவிடுகிறது. வானுக்குள் ஊற்றும்வரை கணக்கு ஓடாது என்பது எங்கள் நினைப்பு மட்டும்தான். ஒரு தாங்கி 1,000 லீற்றர் பிடிக்கும். இரண்டரைத் தாங்கியில் எல்லை வந்துவிடும். மலிவாகக் கிடைத்ததென்று மூன்று தாங்கியை நிரப்பி, மேலே "எரிபொருள்" என்று எழுதியும் வைத்தால், ஒரு லீற்றர்கூட எரிக்காமலே கேள்விக்கு ஆளாவீர்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்தால் தாங்கியும் தனித்தனி, கொப்பியும் தனித்தனி.

பழைய தாங்கிக்குள் என்ன இருந்தது

இரும்புக் கூட்டுக்குள் நிற்கும் அந்த வெள்ளைத் தாங்கியை எல்லோரும் ஐபிசி என்பார்கள். தொழிற்சாலைகளும் பண்ணைகளும் பாவித்து முடித்ததை மலிவாக விற்கிறார்கள். வாங்கப் போகும்போது மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கூட்டின் முன்பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் 31எச்ஏ1 என்று தொடங்கும் குறியும் தயாரித்த மாதமும் வருடமும் அடித்திருக்கும். ஆபத்தான பொருள் ஏற்றுவதற்கு இந்தப் பிளாஸ்ரிக்குக் கொடுத்த ஆயுள் 5 வருடம். உங்கள் எண்ணெய் அந்த வகையில்லை என்றாலும், வெயிலில் எட்டு வருடம் நின்ற பிளாஸ்ரிக் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஓர் அளவுகோல். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

முன்பு சிவப்பு டீசல் இருந்த தாங்கியை எந்த விலைக்கும் தொடாதீர்கள். வரி குறைந்த அந்த டீசலில் சாயமும், கழுவினாலும் இலகுவில் போகாத அடையாளப் பொருளும் கலந்திருக்கும். தெருவில் மறித்து வண்டித் தாங்கிக்குள் குழாய் விட்டு எடுத்துச் சோதிப்பது வரி அலுவலகத்தின் வழக்கம். தாங்கியின் அடியில் தங்கிய மிச்சம் உங்கள் வானுக்குள் வந்திருந்தால், "அது பழைய தாங்கியிலிருந்து வந்தது, ஐயா" என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே வானை எடுத்துப் போவார்கள். வீடு சூடாக்கும் மண்ணெண்ணெய் இருந்த தாங்கிக்கும் இதே கதைதான். சாப்பாட்டு எண்ணெயோ பழச்சாறோ வந்த தாங்கியைத் தேடுங்கள். விற்பவரிடம் உள்ளே என்ன இருந்ததென்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அப்புறம் வால்வு. அண்ணைக்கு நடந்தது இங்கேதான். பல ஐபிசி வால்வுகளின் வாசர் ஈபிடிஎம் என்ற ரப்பர். தண்ணீருக்கு அது நல்லது, எண்ணெயில் ஊதிப்போகும். எண்ணெயைத் தாங்கும் வைட்டன் என்ற ரப்பரில் செய்த வாசர் போட்டு, வெளி மூடியையும் இறுக்கி, ஒரு பூட்டும் போடுங்கள். பித்தளை, செப்பு இணைப்புகள் எண்ணெயைக் கெடுத்துப் பசையாக்கும். வெயில் படாமல் மூடி வையுங்கள், வெளிச்சமும் எண்ணெயைக் கெடுக்கும். நிரம்பிய தாங்கி ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். தோட்டத்துக் கொட்டிலின் பலகைத் தளம் அதைத் தாங்காது. தீ வந்தால் இந்தப் பிளாஸ்ரிக் உருகி 1,000 லீற்றரையும் ஒன்றாகக் கொட்டிவிடும், ஆகவே வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வீட்டில் வைத்தால் ஒன்று, கடையில் வைத்தால் இன்னொன்று

இனி வருவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த விடயங்களுக்கு வேறு அலுவலகம், வேறு விதி.

2001இல் வந்த எண்ணெய்ச் சேமிப்புச் சட்டம், குடியிருக்கும் வீட்டில் 3,500 லீற்றர் வரை வைப்பவரைத் தொடாது. ஆனால் வியாபார இடத்தில் வெளியே வைத்தால் 200 லீற்றருக்கு மேற்பட்ட எந்தத் தாங்கிக்கும் அது பொருந்தும். பாவித்த சமையல் எண்ணெயும் அதற்குள் வரும். அதாவது வீட்டுப் பின்வளவில் குற்றமில்லாமல் நிற்கும் அதே தாங்கியைக் கடைக்குப் பின்னால் தள்ளி வைத்தவுடன், சுற்றிவரக் கசிவைப் பிடிக்கும் தொட்டி ஒன்று கட்டாயமாகிறது. அந்தத் தொட்டி தாங்கியின் 110 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 1,000 லீற்றர் தாங்கிக்கு 1,100 லீற்றர்த் தொட்டி. அண்ணையிடம் கேட்ட முதல் கேள்வியே இது.

எங்கள் ஆட்கள் பலர் கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிறார்கள். "இது என் வீடும்தானே" என்ற வாதத்தில் தொங்காதீர்கள். முழுமையாகவோ பெரும்பாலுமோ வீடாகப் பாவிக்கும் இடத்துக்குத்தான் அந்த விலக்கு. கடைக்குப் பின்னால் வைப்பவர் தொட்டியைப் போட்டுவிட்டே தொடங்குங்கள்.

வீட்டில் வைப்பவருக்குத் தொட்டி கட்டாயமில்லை என்பதற்காக, கசிந்தால் பொறுப்பில்லை என்று ஆகாது. தாவர எண்ணெய்தானே, மண்ணுக்குள் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓடையில் கலந்தால் அது தண்ணீரின் ஒட்சிசனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். நீரை மாசாக்குவது யார் வீட்டிலிருந்து என்றாலும் குற்றம்.

சும்மா தந்த எண்ணெய்

பக்கத்துக் கடைக்காரர் சும்மா தந்தாலும், நீங்கள் காசு கொடுத்தாலும், பொரித்து முடிந்த எண்ணெய் சட்டத்தின் கண்ணில் கழிவு. அதை ஏற்றிவர நீங்கள் கழிவு காவுபவராகச் சுற்றாடல் முகமையில் பதிந்திருக்க வேண்டும். தருகிறவரும் பெறுகிறவரும் கையெழுத்திட்ட கழிவு ஒப்படைப்புத் துண்டு ஒன்று இருக்க வேண்டும், இருவரும் அதை 2 வருடம் வைத்திருக்க வேண்டும். துண்டு இல்லாமல் அகப்பட்டால் முதலில் மாட்டுவது உங்களுக்கு உதவி செய்த அந்தக் கடைக்காரர். இரண்டு குடும்பம் இதனால் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கழிவு எண்ணெயை பயோடீசலாக, அதாவது இரசாயன முறையில் டீசல் போன்ற எரிபொருளாக, மாற்றுவதற்கு டி19, அதை எரிபொருளாகப் பாவிப்பதற்கு யு5 என்று இரண்டு விலக்குகளை அதே முகமையில் பதிய வேண்டும். பெயர்தான் விலக்கு, பதியாமல் கிடைக்காது. 3 வருடத்தில் காலாவதியாகும், திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அவற்றின் அளவு எல்லையை வரிக்காரரின் 2,500 என்று எண்ணிக் குழப்பாதீர்கள். மாற்றாமல், வடித்து மட்டும் ஊற்றுபவர் தனக்கு எது பொருந்தும் என்று மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்சடித்துக் கொப்பியோடு வையுங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை. கடையில் புதிதாக வாங்கிய எண்ணெய்க்கு இந்தப் பகுதி முழுவதும் தேவையில்லை.

காப்புறுதி நிறுவனத்துக்கு, வானுக்கும் வீட்டுக்கும் இரண்டுக்கும், எழுத்தில் அறிவியுங்கள். வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் எழுத்து அனுமதியும் வேண்டும். லண்டனுக்குள் ஓடுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: 2023 ஓகஸ்ட் 29 முதல் நகர் முழுவதும் யூலெஸ், அதாவது புகை கூடிய பழைய வண்டிகளுக்குக் கட்டணம் அறவிடும் வலயம். யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்த டீசல் வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண். எண்ணெயில் ஓடுகிறேன் என்பதற்குத் தள்ளுபடி கிடையாது. இந்த எண்ணெயைத் தாங்கக்கூடிய பழைய எஞ்சின்களில் அநேகமாக எல்லாமே அதற்குள் விழும். வருடத்தில் நூற்றுச் சொச்ச நாள் ஓடினால் முழு வரிச் சலுகையும் இந்தக் கட்டணத்திலேயே போய்விடும்.

கசிந்துவிட்டால் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். அண்ணை பதற்றத்தில் அதைத்தான் செய்தார், முற்றத்தில் நின்றதும் கானுக்குள் போனது. முதலில் கான் வாயை மண் மூட்டையால் அடையுங்கள். மணல் அல்லது பூனை மணல் கொட்டி உறிஞ்ச விட்டு அள்ளுங்கள். கானுக்குள் இறங்கிவிட்டதென்றால் 0800 80 70 60 என்ற சுற்றாடல் முகமை இலக்கத்துக்கு நீங்களே முதலில் போன் எடுங்கள். இரவிலும் எடுப்பார்கள். எடுத்த நேரத்தை அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள்.