ஓர் ஊரில் எத்தனை அடுப்பு?

"காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, மக்கள்தொகையும் கூடிவிட்டது. வாடகைக்கு விட இங்கேயே வீடு வாங்கலாமா, கோயம்புத்தூர் பக்கம் போகலாமா?" என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தக் 'கூடிவிட்டது'. 2024-ல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் இன்னும் சில ஊராட்சிகளையும் காரைக்குடியோடு சேர்த்தார்கள். கோடு நகர்ந்தது, அதனால் ஒரு குடும்பமும் புதிதாகக் குடிவந்துவிடவில்லை. சென்னையும் 2011-ல் இப்படித்தான் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பழைய எல்லைக்குள் அந்தப் பத்தாண்டு வளர்ச்சி சுமார் 7 சதவீதம்தான். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமோ 39 சதவீதம் வளர்ந்தது. ஊரை ஊரோடு ஒப்பிடும்போது இரண்டு கணக்கெடுப்புக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். பெருநகரமென்றால் அதன் விளிம்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி சுவையான இடம். வாடகை கொடுப்பது குடித்தனம். தலை எண்ணிக்கை அதற்கு ஒரு தோராயக் குறிதான். ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்களைத்தான் கணக்கெடுப்பு ஒரு குடும்பம் என்கிறது. செட்டிநாட்டில் இதை விளக்கவே வேண்டாம். கல்யாணமான மகனை 'வேறு வைத்தால்', அதாவது தனிக் குடித்தனம் வைத்தால், அதே வீட்டு வளவுக்குள் தனி அடுப்பு எரியும், கோயில் கணக்கில் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, ஏறும். ஒரே கூரைக்குக் கீழே பல புள்ளி இருந்த காலம் அது. இன்று வேறு போகிறவர்கள் வேறு வீட்டுக்கே போகிறார்கள்.

இதன் அளவைப் பாருங்கள். 2001-ல் தமிழ்நாட்டில் 6.24 கோடிப் பேர், 1.42 கோடிக் குடும்பங்கள், குடும்பத்துக்கு 4.4 பேர். 2011-ல் 7.21 கோடிப் பேர், 1.85 கோடிக் குடும்பங்கள், 3.9 பேர். மக்கள் கூடியது 15.6 சதவீதம், அடுப்பு கூடியது சுமார் 30! குடும்ப அளவு 4.4-லேயே நின்றிருந்தால் சுமார் 22 லட்சம் குடும்பங்களே கூடியிருக்கும். உண்மையில் கூடியது 43 லட்சம். ஏறக்குறைய பாதி வீட்டுத் தேவை, இருந்த குடும்பம் பிரிந்ததால் வந்தது. ஆனால் இதற்கு ஓர் அடிமட்டம் உண்டு: மூன்று பேர் குடும்பம் அதற்கு மேல் அதிகம் பிரியாது. பிறப்பு விகிதமும் ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தை என்று 2020-லேயே இறங்கிவிட்டது. அப்புறம் ஓர் ஊரை வளர்ப்பது குடிபெயர்வு ஒன்றுதான், அதை இழுப்பது வேலை. ஒரே தொழிலை நம்பிய ஊர் என்றால் யோசியுங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன நம்மூரார் நெல் விளைச்சலை நம்பிக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்து, கொடுத்த பணத்துக்கு வயல்தான் கைக்கு வந்தது.

அடுத்தது காலி வீடு. கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியலில் பூட்டிக் கிடக்கும் வீடு எத்தனை, வாடகைக்கு இருப்போர் எத்தனை சதவீதம் என்றெல்லாம் உண்டு. ஆனால் அது 2011-ன் படம். 2021-ல் எடுத்திருக்க வேண்டியது 2027-க்குப் போயிருக்கிறது. இந்தத் தாமதம் நம் நாட்டுக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்று யாராவது கணக்குப் போடலாம். 

அதுவரை நாமே எண்ண வேண்டியதுதான். நான்கைந்து தெருக்களில் 'டு லெட்' போர்டுகளைக் குறித்துவைத்து, 30 நாள் கழித்து மறுபடி போங்கள். பாதிக்கு மேல் அப்படியே தொங்கினால் வாடகையை நீங்கள்தான் குறைக்க வேண்டிவரும். கல்லூரி ஊர்களில் ஜூன் மாதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வாங்கப்போகும் வீட்டின் இரண்டு ஆண்டு ஈ.பி. ரீடிங்கையும் கேளுங்கள். தொகையைப் பார்க்காதீர்கள், குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் ஆள் இருந்தும் பில் பூஜ்யம் வரலாம். யூனிட்டே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் இரண்டு மாதங்கள்தான் பூட்டிக் கிடந்த காலம்.

50 லட்சம் போட்டு மாதம் 12,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1.44 லட்சம், 2.88 சதவீதம். சொத்துவரி, பெயிண்ட், மோட்டார் என்று 18,000 போகட்டும். ஒரு மாதம் காலி கிடந்தால் 2.28, இரண்டு மாதம் கிடந்தால் 2.04 சதவீதம்தான் மிஞ்சும்.