வல்னரபிலிட்டி: ஊறும் உறவும்

மனநல ஆலோசகர்களின் பேச்சிலும் அலுவலகப் பயிலரங்குகளிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் 'வல்னரபிலிட்டி' என்ற சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது பலர் 'பலவீனம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. பலவீனம் வலு இல்லாமையைக் குறிக்கும். இச்சொல் குறிப்பதோ காயம்படக்கூடிய நிலையை. வலுவுள்ளவருக்கும் காயம் படும்.

'வுல்னுஸ்' என்றால் லத்தீனில் காயம். அதிலிருந்து கிளைத்த 'வுல்னெராபிலிஸ்' என்ற சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குச் சென்றது. பேரிடர் மேலாண்மையிலும் கணினிப் பாதுகாப்பிலும் இது இன்றும் எதிர்மறைச் சொல்தான். கண்டுபிடித்து அடைக்க வேண்டிய ஓட்டை என்பதே அங்கே இதன் பொருள். மனித உறவுகளைப் பற்றிய பேச்சில் இதற்கு நற்பொருள் பரவியதில், ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரெனே பிரவுன் 2010இல் அந்நகரில் ஆற்றிய உரைக்குப் பெரும் பங்குண்டு. என்ன ஆகுமோ என்ற உறுதியின்மை, இழப்பு நேரலாம் என்ற இடர், உணர்வை மறைக்காமல் வெளிக்காட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இது என்பது அவர் தரும் விளக்கம். கண்டவரிடமெல்லாம் எல்லாவற்றையும் கொட்டுவது இதில் சேராது என்பதையும் அவர் வலியுறுத்துகிறார்.

தமிழில் இதற்கு மிக நெருங்கி வரும் சொல் 'ஊறு'. 'படு' என்பது 'பாடு' ஆவதுபோல 'உறு' என்னும் வினையடி நீண்டு பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் இது. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்னும் 27ஆம் குறளில் ஊறு என்பது தொடுவுணர்வு. 'உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை' என்னும் 761ஆம் குறளில் அதே சொல் போர்க்களத்துக் காயம். 'உறவு' என்பதும் இதே 'உறு' தந்த சொல்தான். தீண்டலையும் காயத்தையும் உறவையும் ஒரே வேரில் வைத்திருக்கும் ஒரு மொழி, இந்தக் கருத்துக்குச் சொல் இல்லையென்று தவிப்பது வேடிக்கைதான்.

ஆகவே துறைசார் எழுத்தில் 'ஊறுபடுநிலை' என்பதையும், அந்நிலையை விரும்பி ஏற்கும் மனப்பாங்குக்குக் குறள் வழியே 'ஊறஞ்சாமை' என்பதையும் பரிந்துரைப்பேன். 'நெகிழ்வு' அழகான சொல்லே; ஆனால் வளைந்துகொடுக்கும் தன்மைக்கும், நெகிழி வழியாகப் பிளாஸ்டிக்குக்கும் அது போய்விட்டது. 'மனம் திறத்தல்' பேட்டித் தலைப்புகளில் தேய்ந்துவிட்டது.

அன்றாடப் பேச்சுக்கோ புதுச்சொல்லே வேண்டாம். தேநீர்க் கடையில் "எப்படிப்பா இருக்க?" என்று கேட்கும் நண்பரிடம், "நல்லா இருக்கேன்" என்று வழக்கம்போல் சொல்லப் போனவர், கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்லண்ணே, அப்பா போனதுலேருந்து ராத்திரி தூக்கமே இல்ல" என்கிறார். அண்ணன் என்ன சொல்வார், சிரிப்பாரா, பேச்சை மாற்றுவாரா என்பது அந்த நொடியில் அவருக்குத் தெரியாது. இதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மனசு விட்டுப் பேசுவது'. பிடித்து வைத்திருந்த ஒன்றை விடுவது என்ற பொருள் அந்த 'விட்டு' என்ற எச்சத்திலேயே இருக்கிறது.