கூடல்வாயில் தேங்கும் தண்ணீர்

விக்டோரியா காலத்து நாட்டுப்புற மாளிகைக்குப் போகிறவர்கள் முன்வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கூம்புக் கோபுரங்கள், முக்கோண முகப்புகள், வரிசையாகப் புகைபோக்கிகள். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களை ஆய்வு செய்வது என் தொழில். நான் முதலில் தேடுவது அவற்றுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களை. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடத்தைக் கூடல்வாய் என்போம். மாளிகைக்குச் சீக்கு வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

பிரிஸ்டல் அருகே உள்ள டின்ட்ஸ்ஃபீல்டைப் பாருங்கள். பெரு நாட்டிலிருந்து பறவை எச்சத்தை உரமாக இறக்கிப் பெரும் பணம் சேர்த்த வில்லியம் கிப்ஸ் 1843-இல் வாங்கிய வீடு. அதை இடிக்காமல் உள்ளே வைத்து, சுற்றியும் மேலேயும் கட்டி, 1863 முதல் 1865 வரையிலான காலத்தில் கோதிக் பாணி மாளிகையாக்கினார் கட்டடக் கலைஞர் ஜான் நார்ட்டன். அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்கு பில்லியர்ட்ஸ் ஆட ஓர் அறை, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, வேலைக்காரர்களுக்குத் தனிக் கட்டு என்று எல்லாம் பிரித்து வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கூரை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். கூரைகள் பெருகினால் கூடல்வாய்களும் பெருகும். டின்ட்ஸ்ஃபீல்டின் நடுவே ஒரு மணிக்கூண்டுக் கோபுரம் இருந்தது. மரம் பூஞ்சையால் உளுத்துப்போய் 1935-இல் அதை இறக்கிவிட்டார்கள். 2002-இல் வீட்டை வாங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை, பிறகு கட்டடம் முழுவதற்கும் சாரம் கட்டிக் கூரையைச் செப்பனிட வேண்டியிருந்தது.

கூடல்வாயில் விரித்திருப்பது ஈயத் தகடு. வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரே நீளமாகப் போட்டால் சில வருடங்களில் வெடித்துவிடும். அதனால்தான் சிறு சிறு துண்டுகளாகப் படி வைத்துப் போடுவார்கள். வெடிப்பு தலைமுடி அளவுதான் இருக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஒரு மாளிகையில் சாப்பாட்டு அறை மேசைமேல் தினமும் செங்கல் நிறத்தில் மெல்லிய தூள் படிந்துகொண்டிருந்தது. புகைபோக்கியிலிருந்து வருகிறது என்று நினைத்து மாதக்கணக்கில் துடைத்திருக்கிறார்கள். நான் போனபோது காளான் வாசனை அடித்தது. சுவரோரப் பலகையில் பேனாக்கத்தியை வைத்தேன், புட்டுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. பலகைக்குப் பின்னால் மரம் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற பூஞ்சை அது. அந்தச் செந்தூள் அதன் வித்து. ஈரமான மரத்தில் முளைத்து, இழை இழையாகச் சுவரையே துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகக்கூடியது. காரணம் இரண்டு அறை தள்ளி, மேலே இருந்தது: புறாக்கூடு அடைத்த ஒரு மழைநீர்க் குழாய்.

இப்படி ஒரு வீடு உங்கள் பொறுப்பில் இருந்தால், நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே சுற்றி வாருங்கள். எந்தக் குழாய் வழிகிறது, எந்தச் சுவர் கறுக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இலையுதிர்காலம் முடிந்ததும் கூடல்வாய்களைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் சிமென்ட். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. உறிஞ்சிய ஈரத்தைக் காரை வழியாக வெளியே விடும். கல் இடுக்குகளில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், கல்லும் பொரிந்து உதிரும். தயவுசெய்து பூச விடாதீர்கள்.

கசிவை அடைத்ததும் பெயின்ட் அடிக்க அவசரப்படுவார்கள். நனைந்த சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது எங்கள் கைக்கணக்கு. அந்தச் சாப்பாட்டு அறைச் சுவர் இரண்டடி கனம். இரண்டு வருடம் பூச்சு இல்லாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.