கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

"அண்ணா, கார்புரேட்டரைத் தூக்கிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டா எத்தனை ஹெச்பி ஏறும்?" போன மாதம் மாருதி ஜிப்ஸி ஜீப்போடு என் பட்டறைக்கு வந்த தம்பி வண்டியை விட்டு இறங்கும்போதே கேட்டார். கார்புரேட்டர், காற்றின் உறிஞ்சலை வைத்தே பெட்ரோலை இழுத்துக் கலக்கும். இன்ஜெக்‌ஷனில், கணினி சொல்லும் அளவை இன்ஜெக்டர் பீய்ச்சும். அதனால் மட்டும் ஹெச்பி, அதாவது குதிரைத்திறன், பெரிதாக ஏறாது என்றேன், நம்பவில்லை. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. கார்புரேட்டர் ஜிப்ஸி 60 குதிரைத்திறன், 2000-ல் வந்த எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்‌ஷன் ஜிப்ஸி 80. அந்த இருபதையும் இன்ஜெக்‌ஷன் பேரில் எழுதிவிட்டார். சிலிண்டர் ஹெட்டும் கூடவே 8 வால்விலிருந்து 16 வால்வாக மாறி, காற்று போய்வர அதிக வழி கிடைத்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் எஞ்சினுக்கு ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை கிராம் காற்று வேண்டும். அந்தப் பெட்ரோலை கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்டூரி உறிஞ்சிக் கொடுத்தாலும் சரி, இன்ஜெக்டர் பீய்ச்சினாலும் சரி, உச்ச சக்தியில் பெரிய வித்தியாசம் வராது. அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயத்தில் 2011 வரை கார்புரேட்டர்தான். அதை வைத்தே 800 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள்.

வித்தியாசம் தெரிய ஊட்டிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். 2,200 மீட்டரைத் தாண்டினால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளைக்கு அது தெரியுமா? காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. மேலே போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் விளக்குக் கரி மாதிரி இருக்கும். இன்ஜெக்‌ஷனில் சென்சார் காற்றைப் பார்த்து அளவைக் குறைத்துவிடும்.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வேறு. எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். முன்பு சுத்த பெட்ரோலுக்கு செட் செய்த ஜெட் சுமார் எட்டு சதவீதம் லீனாக, அதாவது பெட்ரோல் பற்றாமல், ஓடும். அதற்காக இன்ஜெக்‌ஷன் போட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்றும் நினைக்க வேண்டாம். கம்பெனி வண்டி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். வெளியில் வாங்கிப் பொருத்தும் ஈசியூ என்ற எஞ்சின் கணினி பெரும்பாலும் நாம் லேப்டாப்பில் எழுதிய மேப்பை, அதாவது பெட்ரோல் அளவு அட்டவணையைத்தான் படிக்கும். மேப் தப்பென்றால் பிஸ்டனை உருக்குவதையும் துல்லியமாகச் செய்யும்.

நான் உண்மையில் பயப்படுவது பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸுக்குத்தான். கார்புரேட்டர் லைனில் அழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐக்குள் இருக்கும். இன்ஜெக்‌ஷன் லைனில் 40-க்கு மேல். சில வருடம் முன்பு ஒரு வண்டியை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியபோது, நேரமாகிவிட்டது என்று, "அந்தத் துண்டு பழைய ஹோஸ் இப்போதைக்கு இருக்கட்டும்" என்று நானே சொன்னேன். சாவியைத் திருப்பியதும் பம்ப் 'உய்ய்' என்றது. கிளிப் பக்கத்தில் ஹோஸ் முதலில் வியர்த்தது, அப்புறம் மெல்லிய புகை போல பெட்ரோல் கிளம்பியது. அதற்கு ஒரு சாண் தள்ளி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். எஞ்சின் குளிர்ந்து இருந்ததால் தப்பித்தோம்.

வண்டியை எந்தப் பட்டறையில் இப்படி மாற்றினாலும் இன்ஜெக்‌ஷனுக்கான ஹோஸ், அதற்கான கிளிப், எஞ்சின் நின்றால் பம்பை நிறுத்தும் ரிலே, இந்த மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பில்லில் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்.

அந்தத் தம்பியின் ஜிப்ஸிக்கு இ20-க்காக மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கி, கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் ஊசியை மாற்றி, பெட்ரோல் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். மலைக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளச் சின்ன ஜெட் ஒன்று டேஷ்போர்டு டப்பாவில் கிடக்கிறது.