தாலுகா: வட்டமா, பற்றா?

என் தாத்தா நிலம் வாங்கியபோது எழுதிய பத்திரம் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பழுப்பேறிப்போய், மடித்த இடமெல்லாம் இற்றுவிட்ட முத்திரைத்தாள். சொத்து விவரம் இப்படித் தொடங்கும்: "தஞ்சாவூர் ஜில்லா, பாபநாசம் சப்டி, பாபநாசம் தாலுகா..." பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் அதை எடுத்துப் படித்துவிட்டு, "சித்தப்பா, எங்க புத்தகத்துல மாவட்டம், வட்டம்னுதான் இருக்கு. இதுல ஜில்லா, தாலுகான்னு போட்டிருக்கே. சப்டின்னா என்ன?" என்று கேட்டாள்.

சப்டி எளிது. 'சப் டிஸ்ட்ரிக்ட்' என்பதைப் பத்திர எழுத்தர்கள் சுருக்கி எழுதியது. சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லை. ஜில்லாதான் மாவட்டம், தாலுகாதான் வட்டம் என்றும் சொல்லிவிட்டேன். ஆனால் "தாலுகான்னா என்ன அர்த்தம்?" என்று அடுத்து கேட்டாளே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல் என்று சமூக அறிவியலில் மூன்று பகுதிகளாகப் படிப்பது எல்லாம் இந்த ஒரு சொல்லில் வந்து சேர்கிறது.

தாலுகாவின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. 'தஅல்லுக்' என்றால் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருப்பது, ஒன்றைச் சார்ந்து தொங்குவது. இந்தி, உருது பேசுகிறவர்கள் இன்றைக்கும் "இஸ்ஸே மேரா கோயி தால்லுக் நஹீன்" என்பார்கள். இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பொருள். அந்தத் 'தால்லுக்'தான் நம் தாலுகா. அரபியிலிருந்து பாரசீகத்துக்கு வந்து, அங்கிருந்து முகலாயர் காலத்து அரசுக் கணக்குகளுக்குள் நுழைந்து, 'ஒருவரைச் சார்ந்த நிலம்', 'ஒரு தலைமையோடு இணைந்த பகுதி' என்ற பொருளைப் பெற்றது. வடக்கே, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள அவத் பகுதியில் பெரும் நிலக்கிழார்களைத் 'தாலுக்தார்' என்றே அழைத்தார்கள். அங்கே அது ஓர் ஆளுக்கு உரிய நிலம். நம் பக்கம் அரசாங்கத்தின் நிர்வாகப் பிரிவு.

ஆக, தாலுகா என்ற சொல்லில் வடிவமும் இல்லை, அளவும் இல்லை, ஊரும் இல்லை. உறவு மட்டும்தான் இருக்கிறது. இந்த நிலம் யாரோடு ஒட்டியது, இதன் வரி யாரிடம் போய்ச் சேரும் என்பதைத்தான் அது சொல்கிறது.

பக்கத்துச் சொற்களையும் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். தாசில்தாரில் 'தஹ்சீல்' அரபு, திரட்டுதல் என்று பொருள். 'தார்' பாரசீகம், உடையவர் என்று பொருள். வரி திரட்டும் பொறுப்பை உடையவர். அப்புறம் கலெக்டர்? அதுவும் ஆங்கிலத்தில் திரட்டுபவர்தான். ஒரே வேலையின் பெயரை மேலதிகாரிக்கு ஆங்கிலத்திலும் கீழதிகாரிக்கு அரபு-பாரசீகத்திலும் வைத்திருக்கிறார்கள். ஜமாபந்தி என்பது மொத்தத்தைக் கட்டி முடிப்பது, அதாவது வருடக் கணக்கைத் தீர்ப்பது. வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலி, அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. தாலுகாவுக்குள் அடங்கும் ஃபிர்கா என்றால் கூட்டம், பிரிவு. இத்தனை சொற்களில் ஒன்றுகூட 'சேவை' என்றோ 'மக்கள்' என்றோ பொருள் தரவில்லை. எல்லாமே வரியைச் சுற்றி நிற்பவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வருவாய்த்துறை ஏன் 'வருவாய்'த்துறை என்று அழைக்கப்படுகிறது என்று பிள்ளைகள் கேட்டால், இந்தச் சொற்களைக் காட்டினாலே போதும்.

நம் நாட்டில் இந்த அமைப்பு ஊன்றிய கதையைப் பாடப்புத்தகத்தில் ரயத்துவாரி என்ற தலைப்பில் படித்திருப்போம். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலையும் சேலம், திண்டுக்கல் பகுதிகளையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகாலை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. பிற்பாடு 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநர். ஜமீன்தார் நடுவில் இல்லாமல் உழவரிடம் நேராக வரி வாங்குவது என்று முடிவு செய்தால், ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும், ஒவ்வொரு பெயரையும் எழுத வேண்டும். அதற்கு ஊருக்கும் கலெக்டருக்கும் நடுவே ஒரு கச்சேரி, அதாவது அரசு அலுவலகம், வேண்டும். அந்தக் கச்சேரிதான் தாலுகா. ஏற்கெனவே சுல்தான்கள், நவாபுகள் காலத்துக் கணக்கர்கள் புழங்கிய சொற்களைக் கம்பெனி அப்படியே எடுத்துக்கொண்டது. ஆட்சி மாறியும் கணக்கின் மொழி மாறவில்லை.

அதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அந்தக் கோயில் இருக்கும் இடத்தை "பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்" என்று குறித்திருக்கிறார்கள். தாத்தாவின் பத்திரத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய பிரிவு, அதற்குள் சிறிய பிரிவு, அதற்குள் ஊர். ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் முகவரி எழுதும் வரிசை மாறவில்லை.

வளநாடு என்பது முதலாம் இராசராசன் காலத்தில் வந்த ஏற்பாடு. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டது. ஆறுகளையே எல்லையாக வைத்து அரசன் வகுத்த பிரிவு அது. ஆனால் அதற்கு உள்ளே இருந்த நாடும் கூற்றமும் அப்படிப் போட்ட கோடுகள் அல்ல. ஒரே வாய்க்காலிலும் ஒரே ஏரியிலும் தண்ணீர் எடுத்த ஊர்கள் சேர்ந்து தாமாக வளர்ந்தவை. அதனால்தான் ஒரு நாடு சிறிதாகவும் இன்னொன்று பெரிதாகவும் இருக்கும். நாட்டார் என்று ஒரு அவை இருந்தது. வரி விஷயத்தில் அரசனுக்குப் பதில் சொன்னது அதுதான். கூற்றம் என்பது 'கூறு' என்பதிலிருந்து வந்தது, பங்கு, பகுதி என்று பொருள். வடக்கே தொண்டை மண்டலத்தில் இதே மாதிரிப் பிரிவுக்குக் கோட்டம் என்று பெயர். இருபத்துநான்கு கோட்டங்கள் என்பது மரபு. கோட்டம் இன்றும் இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது: சில வட்டங்களைச் சேர்த்த வருவாய்க் கோட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். அந்தச் சொல் பிழைத்துக்கொண்டது எனக்கு மகிழ்ச்சி.

சரி, வட்டத்துக்கு வருவோம். 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகச் சொற்களைத் தமிழாக்கும் வேலை முறையாக நடந்தது. ஜில்லா மாவட்டமானது, தாலுகா வட்டமானது, ஃபிர்கா குறுவட்டமானது, சில இடங்களில் உள்வட்டம். தாசில்தார் வட்டாட்சியர். ஜமாபந்தி வருவாய்த் தீர்வாயம். இந்த வரிசையின் அழகைப் பாருங்கள்: மாவட்டம், வட்டம், குறுவட்டம். மூன்று வெவ்வேறு வேர்கொண்ட அயல்சொற்களுக்குப் பதில் ஒரே சொல்லைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அடுக்கிவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட எது எதற்குள் அடங்கும் என்று தெரிந்துவிடும். ஜில்லா என்ற சொல்லுக்கு அரபியில் விலா எலும்பு, பக்கம் என்று பொருள். அதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

வட்டம் என்றதும் கவராயத்தால் போட்ட வட்டம் என்று நினைக்க வேண்டாம். 'சுற்றுவட்டாரம்' என்கிறோமே, அந்தப் பொருள்தான் இங்கே. ஒரு தலைமை ஊரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். வரைபடத்தில் பாருங்கள், எந்தத் தாலுகாவும் வட்டமாக இராது.

இந்தச் சொல்லில் ஒரு சங்கடமும் உண்டு. சென்னை போன்ற மாநகரங்களில் 'வட்டம்' என்றால் பலருக்கு மாநகராட்சி வார்டு. சுவரொட்டியில் 'வட்டச் செயலாளர்' என்று போட்டிருந்தால், சில கட்சிகளில் அவர் வார்டுப் பொறுப்பாளர், வேறு சில கட்சிகளில் தாலுகாப் பொறுப்பாளர். இலங்கையில் வார்டுக்கு வட்டாரம் என்று பெயர். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் வட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் நடுவே. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்ணன் மகளின் இருப்பிடச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது வட்டம் என்ற கட்டத்தில் அம்மாபேட்டை என்று எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அம்மாபேட்டை ஊராட்சி ஒன்றியம். அந்த ஊர் இருப்பது பாபநாசம் வட்டத்தில். வட்டம் வருவாய்த்துறையின் பிரிவு: பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், நில அளவை, வெள்ள நிவாரணம். அதன் தலைவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. ஒன்றியமோ 1958-ன் பஞ்சாயத்துச் சட்டத்தால் உருவானது: ஊர்ச் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம். அதற்கு மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றியங்கள் 388. வட்டங்கள் முந்நூறுக்கும் மேல். இரண்டின் எல்லையும் எல்லா இடத்திலும் பொருந்தாது. சட்டமன்றத் தொகுதி என்பது மூன்றாவது கோடு, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. ஒரே ஊர் மூன்று பெயர்களுக்குள் இருக்கலாம் என்பதைக் குடிமையியல் பாடம் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் நல்லது என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால், பள்ளியை விட்டு வெளியே வந்ததும் பிள்ளை முதலில் போய் நிற்கும் அரசு வாசல் பெரும்பாலும் தாலுகா ஆபீசுதான்.

மற்ற மாநிலங்களிலும் ஒரே பெயர் இல்லை. கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத்தில் தாலுகா. வடக்கே பெரும்பாலும் தெஹ்சில். ஆந்திரத்தில் 1985-ல் தாலுகாக்களை எடுத்துவிட்டுச் சிறிய சிறிய மண்டலங்களாக்கினார்கள். சோழர் காலத்தில் மண்டலம் என்றால் ஒரு பெரும் மாகாணம். இன்றைய ஆந்திரத்தில் அது தாலுகாவைவிடச் சிறியது. வரலாறு படிக்கும்போது பிரிவின் பெயரை மட்டும் பார்த்து அளவை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். தாலுகாவுக்கு நேர்த் தமிழ் எது? வட்டம் நல்ல சொல், நிலைத்துவிட்ட சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. தேர்விலும் விண்ணப்பத்திலும் வட்டம் என்றே எழுத வேண்டும். ஆனால் அது மொழிபெயர்ப்பு அல்ல. 'தஅல்லுக்' என்பதன் உறவுப் பொருள் வட்டத்தில் இல்லை. ஒட்டியிருத்தல், சார்ந்திருத்தல், பிடித்துக்கொண்டிருத்தல், இத்தனையையும் ஒரே சொல்லில் தமிழில் சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வோம்? பற்று.

அந்தப் பற்று, நிலப்பிரிவின் பெயராகவே தமிழில் இருந்திருக்கிறது. விசயநகரக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் நாடு, சீர்மை ஆகியவற்றோடு பற்று என்ற பிரிவும் வருகிறது. ஒருவர் பிடிப்பில் உள்ள நிலம், ஓர் இடத்தைப் பற்றியிருக்கும் நிலம் என்ற பொருளில். அரபு வேர் சொன்னதை அப்படியே சொல்கிறது. யாரும் யாரையும் பார்த்து மொழிபெயர்க்கவில்லை. நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே விதமாகப் பார்த்திருக்கின்றன.

நம் பக்கம் அந்தச் சொல் நிர்வாகத்திலிருந்து போய்விட்டது. கணக்குப் புத்தகத்தில் பற்று வரவு என்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் பாக்கு நீரிணையைத் தாண்டினால் அது முழு உயிரோடு இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று எல்லாமே இன்றைய பிரதேச செயலாளர் பிரிவுகள். நம் வட்டத்துக்கு இணையானவை. அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்று ஊரின் பெயராகவே ஆகிவிட்டது. பேச்சில் 'பற்று' 'பத்து' என்று ஒலிக்கும்; அதனால் ஆங்கில எழுத்தில் 'பட்டு' மாதிரி எழுதி, நம் ஊர்ப் பத்திரிகைகள் சில நேரம் அதை 'அக்கரைப்பட்டு' என்று திருப்பி எழுதிவிடுகின்றன. அது தவறு, பட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் கரைதுறைப்பற்று என்று ஒரு பிரிவு உண்டு. ஆங்கிலேயர்கள் 'கரைதுறை'யைக் கடற்கரை என்று புரிந்துகொண்டு 'மாரிடைம்' என்று மொழிபெயர்த்தார்கள். பற்றை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் ஆங்கில அரசு ஆவணங்களில் அந்தப் பிரிவின் பெயர் 'மாரிடைம்பத்து'.